ஆயிரத்தில் ஒரு பங்கு விண்கலம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் புனைகதைகளில் வரும் விண்கலங்களின் அளவு மாதிரிகளைத் தம் விருப்பப்படி மாற்றியமைத்துச் செய்பவர்களைப் பற்றிச் சென்ற மாதம் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்தக் கைவேலைக்கு ஒரு தமிழ் நாளிதழ் அரைப்பக்கம் ஒதுக்கியது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. முதலில் அதற்கு நன்றி. ஆனால் கட்டுரையில் மூன்று இடங்களில் செய்தி பிசகியிருக்கிறது. உலகத்தில் இல்லாத கலத்தைச் செய்வதால் இதில் சரி, தவறு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று ஓரிடத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்த பிறகு கைத்திறனுக்கு வேலையில்லை என்று இன்னோரிடத்தில் வருகிறது. வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் உள்ள, ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடருக்காகச் செய்த எண்டர்பிரைஸ் கல மாதிரியின் படத்துக்குக் கீழே, அது முழுவதும் புதிதாக வண்ணம் பூசப்பட்டுப் புதுப்பொலிவு பெற்றதாகப் பாராட்டி எழுதப்பட்டிருக்கிறது. இம்மூன்றும் வெவ்வேறு பிழைகளாகத் தெரிந்தாலும், அளவு மாதிரி என்பதில் 'அளவு' என்ற சொல்லுக்கு உரிய இடத்தைக் கொடுக்காததுதான் மூன்றுக்கும் வேர் என்று நினைக்கிறேன். அதை விளக்குவதற்குக் கடிதம் சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

கோவையில் வார்ப்பட ஆலைகளுக்கு மரத்தில் பேட்டர்ன், அதாவது இரும்பை ஊற்றும் மணல் அச்சை எடுப்பதற்கான மாதிரி உரு, செய்து 31 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். உருக்கி ஊற்றிய வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அதனால் பேட்டர்ன் செய்பவரின் அளவுகோலில் ஓர் அடி என்பது கடையில் விற்கும் அடியைவிட எட்டில் ஓர் அங்குலம் நீளமாக இருக்கும். கையில் இருக்கும் மரத்தைப் பார்த்துக்கொண்டே, இன்னும் பிறக்காத இரும்பின் அளவை மனத்தில் வைத்திருப்பதுதான் எங்கள் தொழில். ஓய்வு பெற்ற ஆண்டில் என் மகள் வெளிநாட்டிலிருந்து ஒரு விண்கலத்தின் பிளாஸ்டிக் கிட்டை, அதாவது ஒட்டிச் சேர்க்கும் பாகத் தொகுப்பை, வாங்கி வந்தபோது, பெட்டியின் மேல் 1:1000 என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்தவுடனே இது எனக்குப் பழக்கமான வேலை என்று தோன்றியது. இன்றுவரை அந்த எண்ணம் மாறவில்லை.

அந்த 1:1000 என்ன கேட்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கதையில் எண்டர்பிரைஸ் கலத்தின் நீளம் ஏறத்தாழ 289 மீட்டர். ஆயிரத்தில் ஒரு பங்காக்கினால் மேசையில் 29 சென்டிமீட்டர். அதில் நிற்கும் மனிதனின் உயரம் 1.7 மில்லிமீட்டர். இரண்டு தகடுகள் சேரும் இடத்தைக் காட்டுவதற்காக ஊசிமுனையால் 0.2 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கோடு கீறினால், உண்மைக் கலத்தில் அது 20 சென்டிமீட்டர் அகலமுள்ள பள்ளம். பணியாளர் ஒருவரின் கால் உள்ளே போய்விடும். பிரைமர் என்ற அடிப்பூச்சு காயும்போது அதன்மேல் விழுந்த ஐந்து மில்லிமீட்டர் நூல்துணுக்கு, ஐந்து மீட்டர் நீளமுள்ள தாம்புக்கயிறு. காயாத வண்ணத்தில் தெரியாமல் பட்ட கட்டைவிரலின் ரேகை, அரை மீட்டர் இடைவெளி விட்டு உழுத சால்களாகக் கலத்தின் முதுகில் நிற்கும். நான் சொந்தமாக ஒரு கலத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். அதற்கு எத்தனை இயந்திரம், எத்தனை தளம் என்பதை நானே முடிவு செய்யலாம். ஆனால் அது ஆயிரத்தில் ஒரு பங்கு என்று அறிவித்த நொடியிலிருந்து என் ஒவ்வொரு கீறலும் ஆயிரத்தால் பெருக்கிச் சோதிக்கப்படுகிறது. உண்மைப் போர்க்கப்பலின் மாதிரியைச் செய்பவருக்குப் பிழை திருத்தப் புகைப்படமும் வரைபடமும் உண்டு. விண்கலம் செய்பவருக்கு அந்தத் துணை இல்லாததால், சரி தவறு பார்க்கும் பொறுப்பு அவருக்குத்தான் கூடுதல்.

திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் மாதிரி செய்தவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். 1977-ல் வெளியான ஸ்டார் வார்ஸ் படத்துக்காக கலிபோர்னியாவின் வான் நைஸ் பகுதியில் ஒரு கிடங்கில் இயங்கிய பட்டறையில், டாங்கி, போர்க்கப்பல், பந்தயக் கார் என்று கடையில் கிடைத்த பிளாஸ்டிக் கிட்டுகளை நூற்றுக்கணக்கில் வாங்கி, அவற்றின் உதிரிப் பாகங்களைப் பிரித்துக் கலங்களின் மேற்பரப்பில் ஒட்டினார்கள். அப்படி ஒட்டப்படும் நுண்பாகங்களுக்குக் கிரீபிள் என்று பெயர். பலர் இதை இட்டு நிரப்புகிற வேலை என்று நினைக்கிறார்கள். நம் கண் ஒரு பொருளின் பருமனை அதன் வெளிக்கோட்டை வைத்து அளப்பதில்லை. அதில் தெரியும் மிகச் சிறிய உறுப்பை வைத்தே அளக்கிறது. தொலைவில் தெரியும் கோபுரத்தின் உயரம், அதன் நிலைகளில் நிற்கும் சுதைப் பொம்மைகளைக் கொண்டுதான் நமக்குப் பிடிபடுகிறது. மூன்றடி நீள ஆப்பு வடிவப் பலகையொன்றைத் திரையில் கிலோமீட்டர் கணக்கில் நீளமுள்ளதாக நம்ப வைத்தது அந்த நுண்பாகங்களின் சிறுமைதான்.

அதே முறையை வீட்டில் செய்து பார்க்கும்போது தவறு நேர்வதும் இதே இடத்தில்தான். 1:35 டாங்கி கிட்டில் உள்ள சக்கரம் ஒன்றை எடுத்து 1:1000 கலத்தில் ஒட்டினால், 20 மில்லிமீட்டர் சக்கரம் 20 மீட்டர் விட்டமுள்ள ஏதோ ஓர் இயந்திரமாக மாற வேண்டும். ஆனால் சக்கரத்தைச் சுற்றியுள்ள ஆணித் தலைகளைப் பார்க்கிற எவரும் அதைச் சக்கரமாகத்தான் பார்ப்பார். உடனே கலம் முழுவதும் மேசை அளவுக்குச் சுருங்கிவிடும். ஒட்டும் பாகத்தின் பழைய அடையாளம் தெரியக்கூடாது. ஆணித் தலைகளை அரத்தால் நீக்கி, பாதியாக வெட்டிக் கவிழ்த்து, அதன்மேல் 0.25 மில்லிமீட்டர் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தாளில் நறுக்கிய சிறு கட்டங்களை ஒட்டிய பிறகுதான் அது நமக்குரிய பாகமாகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேற்பரப்பு முழுவதும் ஒரே அடர்த்தியில் பாகங்களை ஒட்டிவிட்டால் கண்ணுக்கு இளைப்பாற இடமில்லாமல் போகும். குழாய்கள் ஓர் இடத்தில் தொடங்கி ஓர் இடத்தில் முடிய வேண்டும். குளிர்விப்பான் இயந்திரத்துக்கு அருகில் இருக்க வேண்டும். நடுவில் வெறும் தகடாக விட்ட பரப்பும் வேண்டும். நான் பார்த்த மாதிரிகளில் என்னைக் கவர்ந்தவை எல்லாம் வெறுமையைத் துணிந்து விட்டவைதான்.

தம் விருப்பப்படி மாற்றியமைப்பது இன்று தொடங்கிய பழக்கமும் அல்ல. எண்டர்பிரைஸ் கலத்தின் பிளாஸ்டிக் கிட்டை ஏஎம்டி நிறுவனம் 1966-ல் வெளியிட்டது. மறு ஆண்டு ஒளிபரப்பான ஸ்டார் டிரெக் அத்தியாயம் ஒன்றுக்கு, சிதைந்துபோன சகோதரக் கலம் ஒன்று தேவைப்பட்டது. கடையில் விற்ற அந்தக் கிட்டையே எடுத்துச் சேதப்படுத்திக் கான்ஸ்டலேஷன் என்ற கலமாக்கினார்கள். கிட்டோடு வந்த 1701 என்ற எண்ணின் டெக்காலையே, அதாவது ஒட்டும் அச்சுப்படலத்தையே, வெட்டி இடம் மாற்றி 1017 என்று ஒட்டினார்கள். நான்கு இலக்கங்களை மாற்றியடுக்கியதில் ஒரு புதிய கலத்துக்கு வரலாறு பிறந்தது. எனக்கு மிகவும் பிடித்த மாற்றியமைப்பு இதுதான்.

என் கலத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதம் முழுமையாகாது. நான்கு ஆண்டுகளாக 1:1000 அளவில் 34 சென்டிமீட்டர் நீளமுள்ள மீட்புக் கலம் ஒன்றைச் செய்துவருகிறேன். கற்பனையில் 340 மீட்டர். அதன் நடு உடலைத் தேக்கில் கடைந்தேன். இயந்திரக் கூடுகளை இரண்டு பழைய கிட்டுகளிலிருந்து வெட்டி எடுத்துச் சேர்த்தேன். பழுதான கலங்களை உள்ளே இழுத்துக்கொள்வதற்காக வயிற்றில் 60 மில்லிமீட்டர் அகலமுள்ள வாயில் வைத்திருக்கிறேன். கலத்தின் வேலை என்ன என்பதை முதலில் முடிவு செய்துகொண்டதால் மற்ற முடிவுகள் தாமாகவே வந்தன. வாயிலின் இருபுறமும் பற்றுக் கைகள் வேண்டும். அவற்றை இயக்குபவர் பார்ப்பதற்கு மேலே சன்னல் வேண்டும். காயமடைந்தவர்களைக் கொண்டுசெல்லும் சிறுகலங்கள் நிற்க வாயிலுக்கு உள்ளே மேடை வேண்டும். தேக்கின் நரம்புகளை நிரப்ப மட்டும் சீலரும் பட்டியும் மாறி மாறிப் பூசி, ஒன்பது முறை ஈர உப்புத்தாள் போட்டேன். நரம்பின் ஒரு பள்ளம் 0.2 மில்லிமீட்டர்தான் என்றாலும் அது என்னவாகத் தெரியும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

கலத்துக்கு மணிமேகலை என்று பெயர் வைத்தேன். கடலில் தத்தளிப்பவர்களைக் காக்கும் தெய்வத்தின் பெயர் மீட்புக் கலத்துக்குப் பொருந்தும் என்பது முதற்காரணம். இன்னொரு காரணம் எழுத்து சார்ந்தது. தமிழ்ப் பெயரை இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் டெக்காலாக அச்சிட்டால் மெய்யெழுத்தின் புள்ளி ஒன்று காணாமல் போகும் அல்லது கலத்தின் சன்னல்போலத் தெரியும். மணிமேகலை என்ற பெயரில் புள்ளி வைத்த எழுத்து ஒன்றுகூட இல்லை. அப்படியும் 'ணி' என்னைச் சோதித்தது. அதன் சுழிகளுக்குள் அச்சுத்தூள் பரவி அடைத்துக்கொண்டதால் எழுத்து கரும்புள்ளியாகிவிட்டது. உயரத்தை மூன்று மில்லிமீட்டராக்கி, சுழிகளைச் சற்று அகலமாக நானே வரைந்து அச்சிட்ட பிறகுதான் தெளிவாக வந்தது. மூன்று மில்லிமீட்டர் என்றால் மூன்று மீட்டர் உயர எழுத்து. முகப்பில் அது மிகையாகத் தெரியவில்லை. சாதாரண அச்சு இயந்திரம் வெள்ளையை அச்சிடாது என்பதால் வெளிர் சாம்பல் உடலில் கருஞ்சாம்பல் எழுத்து என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தேன். டெக்கால் ஒட்டும் இடத்தில் முதலில் பளபளப்பான வார்னிஷ் பூசிக் காயவிடாவிட்டால், தாளுக்கும் சொரசொரப்பான வண்ணத்துக்கும் இடையே காற்று சிக்கிக்கொண்டு எழுத்தைச் சுற்றி வெள்ளி நிறப் படலம் தெரியும். எல்லாம் முடிந்த பிறகு மங்கல் வார்னிஷ் பூசினால் ஓரம் மறைந்துவிடும்.

விளக்கு வேலையில் பட்ட ஓர் அடியையும் சொல்கிறேன், தொடங்குபவர்களுக்குப் பயன்படலாம். சன்னல்களுக்கு 0.25, 0.5 மில்லிமீட்டர் ஒளியிழைகளைப் பயன்படுத்துகிறேன். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய வெள்ளை எல்இடி விளக்குக்கு மூன்று வோல்ட் போதும். ஒன்பது வோல்ட் மின்கலத்தோடு இணைக்கும்போது நடுவில் 330 ஓம் மின்தடை வைத்தால் ஏறத்தாழ 18 மில்லி ஆம்பியர்தான் பாயும், விளக்கு நெடுநாள் உழைக்கும். இழைகளை வெள்ளைப் பசையால் ஒட்ட வேண்டும். நொடியில் ஒட்டும் பசை பட்டால் இழை நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். இவ்வளவையும் தெரிந்துவைத்திருந்தும், மேல்தளத்துக் கண்ணாடிக் கூண்டை ஒட்டும்போது அவசரப்பட்டு அந்த நொடிப் பசையையே தொட்டுவைத்து, உள்ளே காற்றுப் போகாதபடி மூடியும் விட்டேன். மறுநாள் காலையில் கூண்டின் உட்புறம் முழுவதும் மார்கழிப் பனி படிந்த சன்னல்போல வெள்ளைப் படலம். அந்தப் பசையின் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கில் அப்படித்தான் படியும். கூண்டை அறுத்தெடுத்து, இரண்டு மாத வேலையைத் திரும்பச் செய்தேன். மூடிய அறைக்குள் ஒளி கசிவதும் இதே போன்ற தொல்லைதான். ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் சுவர் விளக்கு எரிந்தவுடன் காகித விளக்குபோல முழுவதும் ஒளிரும். உட்புறம் கறுப்பு, அதன்மேல் வெள்ளை என்று இரண்டு பூச்சு பூசினால்தான் சன்னல் மட்டும் சன்னலாகத் தெரியும்.

மாதிரியைப் பழசாகக் காட்டப் பழுதேற்றுவது பற்றி எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்து உண்டு. கடற்கப்பல் மாதிரிகளில் பழகியவர்கள் விண்கலத்திலும் துரு வழிந்த கோடுகளை மேலிருந்து கீழாக இழுத்துவிடுகிறார்கள். விண்வெளியில் மழையும் இல்லை, கீழ் என்ற திசையும் இல்லை. இரும்பு துருப்பிடிக்கத் தேவையான ஈரக்காற்றும் இல்லை. அங்கே பொருள்கள் வேறு விதமாகப் பழசாகின்றன. 1967 ஏப்ரலில் நிலவில் இறங்கிய சர்வேயர் 3 கலத்தை, 31 மாதங்களுக்குப் பின் 1969 நவம்பரில் அப்பல்லோ 12 விண்வெளி வீரர்கள் சென்று பார்த்தார்கள். அதன் வெள்ளை வண்ணம், சூரியக் கதிராலும் நிலவுத் தூசியாலும், பழுப்பேறிப் போயிருந்தது. அவர்கள் கழற்றிக்கொண்டு வந்த அதன் கேமரா இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் படித்த பிறகு நான் கலத்தின் வெயில் படும் பக்கத்தில் மட்டும், தண்ணீர்ப் பால்போல மெலிதாகக் கரைத்த வெளிர் பழுப்பை ஏர்பிரஷ்ஷில் தெளிக்கிறேன். இயந்திரத்தின் வாயருகே கருகல் இருக்கலாம், பற்றுக் கைகள் உரசும் இடத்தில் உலோகம் தெரியலாம். ஒவ்வொரு கறைக்கும் ஏன் அங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு விடை இருந்தால் போதும். நுண்கற்கள் மோதிய குழிகளைக் காட்டுவது வீண். 10 சென்டிமீட்டர் குழியே 0.1 மில்லிமீட்டர்தான்.

முப்பரிமாண அச்சு பற்றிய கருத்துக்கு வருகிறேன். எனக்கு அந்த இயந்திரத்தின்மேல் பகை எதுவும் இல்லை. மணிமேகலையின் பற்றுக் கைகளை, வரைபடம் கொடுத்து, பிசினில் அச்சிட்டுத்தான் வாங்கினேன். 12 கைகளும் ஒன்றுபோல வேண்டும் என்றால் மரத்தில் செதுக்குவதைவிட அதுவே மேல். ஆனால் அச்சு 0.05 மில்லிமீட்டர் அடுக்குகளாக வளர்கிறது. வளைவு மெல்லச் சரியும் இடங்களில் அந்த அடுக்குகள், நீலகிரிச் சரிவில் படிப்படியாக வெட்டிய காய்கறித் தோட்டம்போல வரிவரியாகத் தெரிகின்றன. அவற்றைப் பிரைமர் பூசி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பூசித் தேய்த்துத்தான் போக்க வேண்டும். அதுவும் முகமூடி அணிந்துகொண்டு, ஈரத்தோடு. இறுகாத பிசினை வெறுங்கையால் தொடவும் கூடாது. எந்த இடத்தில் தேய்ப்பதை நிறுத்த வேண்டும் என்பது விரல் நுனிக்கு மட்டுமே தெரிந்த செய்தி. அதற்கும் முன்னதாக, எந்தப் பாகத்தை எந்த அளவில் அச்சிட வேண்டும், எதை அச்சிடாமல் விட வேண்டும் என்று தீர்மானிப்பவர் ஒருவர் வேண்டும். பேட்டர்ன் கடைகளுக்குக் கணினி வழி வெட்டும் இயந்திரங்கள் வந்தபோதும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். சுருக்கத்துக்கு எவ்வளவு விட வேண்டும், மணலிலிருந்து பேட்டர்ன் கழன்று வர எவ்வளவு சரிவு வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொன்னவர்கள், முன்பு கையால் செதுக்கிப் பழகியவர்கள்தான்.

கட்டுரையின் படக்குறிப்புத்தான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. மாட் ஜெஃப்ரிஸ் வடிவமைத்த எண்டர்பிரைஸ் கலத்தின் பெரிய மாதிரி 1964-ல், ரிச்சர்ட் டேட்டின் என்பவரின் மேற்பார்வையில், கலிபோர்னியாவின் பர்பேங்க் நகரத்து மாதிரிப் பட்டறை ஒன்றில் உருவானது. நீளம் 11 அடிக்குச் சற்று மேல். பாப்லர் மரம், அச்சின்மேல் உறிஞ்சி வளைத்த பிளாஸ்டிக், உருட்டி வளைத்த உலோகத் தகடு ஆகியவற்றால் ஆனது. மணிமேகலையின் உடலுக்கு நான் மரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தச் செய்தியும் ஒரு காரணம். அதன் வலப்புறம் மட்டுமே படமெடுப்பதற்காக முழுமையாகச் செய்யப்பட்டது. விளக்குகளுக்கான கம்பிகள் எல்லாம் இடப்புறத்தில் வெளியே வருகின்றன. அந்தப் பக்கம் இன்றும் நிறைவு செய்யப்படாமலேயே இருக்கிறது. பட்டறையில் வேலை பார்த்த எவருக்கும் இது புரியும்: நேரமும் பணமும் குறைவு, கேமராவுக்குத் தெரிவதைச் செய், மற்றதை விடு. அந்தச் செய்யாமல் விட்ட பக்கமும் ஓர் ஆவணம்தான்.

1974-ல் பாரமவுண்ட் நிறுவனம் அதை ஸ்மித்சோனியனுக்கு வழங்கியது. பிறகு அதற்குப் பலமுறை சீரமைப்பு நடந்தது. 1991-ல் நடந்த சீரமைப்பில், மேல்தட்டை, அதாவது கலத்தின் வட்டத் தட்டு போன்ற முன்பகுதியின் மேற்புறத்தை, தவிர ஏறக்குறைய முழுக் கலத்துக்கும் புதிய வண்ணம் பூசப்பட்டு, தகட்டுக் கோடுகள் அழுத்தமாகத் தீட்டப்பட்டன. அந்தக் கோடுகள் மிகையானவை என்று மாதிரிகளை நேசிக்கும் பலர் அப்போதிலிருந்தே வருந்தினார்கள். 11 அடி மாதிரியில் கண்ணை உறுத்தும் கோடு, 289 மீட்டர்க் கலத்தில் எவ்வளவு அகலம் என்று கணக்கிட்டால் அவர்களின் வருத்தம் விளங்கும். 2000 முதல் 2014 வரை அருங்காட்சியக விற்பனைக்கூடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த கலத்தை, அதன்பின் வர்ஜீனியாவில் உள்ள உட்வர்-ஹேசி மையத்துக்குக் கொண்டுசென்று, எக்ஸ் கதிர்ப் படமெடுத்து, பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு, இரண்டு ஆண்டுகள் ஆய்ந்தார்கள். பிற்காலச் சீரமைப்புகளின் பூச்சுப் படாமல் எஞ்சியிருந்தது மேல்தட்டின் வண்ணம் ஒன்றுதான். அதைப் புதுவண்ணம் பூசி மறைக்காமல் காப்பாற்றினார்கள். மற்றப் பகுதிகளின் பிற்காலப் பூச்சைத்தான் நீக்கி, 1967-ல் கலம் எப்படி இருந்ததோ அந்தச் சாம்பல் நிறத்துக்கு மேல்தட்டையே சாட்சியாக வைத்துப் பொருத்தினார்கள். 2016-ல் அது அருங்காட்சியகத்தின் முகப்பு மண்டபத்துக்கு வந்தது. ஆகவே, புதிதாகப் பூசியதற்காகப் பாராட்டுவது அந்த வேலையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டதாகும். கோயில் சுவரில் சுண்ணாம்பு அடித்து மறைத்த பழைய ஓவியங்களை மீட்டெடுக்கப் பாடுபடுகிறவர்களைப் பார்த்து, சுவர் வெள்ளையாக இருக்கிறது என்று புகழ்வது போன்றது அது.

காக்கத் தவறியதற்கும் சான்று இருக்கிறது. 1968-ல் வெளியான ஸ்டான்லி குப்ரிக்கின் விண்வெளிப் படத்துக்காகச் செய்த டிஸ்கவரி கலத்தின் மாதிரிகளில் பெரியது 54 அடி நீளம். அது இன்று இல்லை. படம் முடிந்தபின் அழிக்கப்பட்டது. அதே படத்தில் நிலவுக்குச் செல்லும் உருண்டைக் கலம் ஒன்று தப்பிப் பிழைத்து, 2015-ல் 3,44,000 டாலருக்கு ஆஸ்கர் விருது வழங்கும் அகாதெமியின் கைக்கு வந்தது. எண்டர்பிரைஸின் மூன்றடி மாதிரி, அதே ரிச்சர்ட் டேட்டினின் கைவேலை, 1970-களில் காணாமல் போய், 2023-ல் இணைய ஏலப் பக்கம் ஒன்றில் தென்பட்டு, 2024-ல் தொடரைப் படைத்தவரின் மகனிடம் திரும்பியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது எங்கோ ஒரு கிடங்கில் கிடந்திருக்கிறது. கடைந்த மரத்தின் மேல் விழுந்த அந்தத் தூசியை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

உட்வர்-ஹேசி மையத்தில் வேறொரு மாதிரியும் இருக்கிறது; பார்க்கக் கிடைத்தவர்கள் பேறு பெற்றவர்கள். 1977-ல் வெளியான ஸ்பீல்பர்க் படம் ஒன்றுக்காக கிரெக் ஜெயின் குழுவினர் செய்த தாய்க்கலம் அது. விளக்குகள் எரியும் கரிய நகரம்போலத் திரையில் இறங்கும் அந்தக் கலத்தின் மேற்பரப்பில், செய்தவர்கள் ஒரு தபால் பெட்டியையும், ஒரு சிறிய வேனையும், ஓர் இடுகாட்டையும் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அளவு பற்றி இவ்வளவு எழுதிய நான் இதைக் குறை சொல்வேன் என்று நினைக்க வேண்டாம். திரையில் அவை ஒளியின் நிழலில் வெறும் உருவரைகளாகத் தெரியும் என்பதை அறிந்து, அளவுச் சோதனைக்கு எட்டாத இடத்தில் தம் கையெழுத்தை இட்டார்கள். எங்கள் பேட்டர்ன்களின் உட்புறத்தில் நாங்களும் பெயரின் முதலெழுத்தைச் செதுக்குவதுண்டு. வார்ப்பில் அது விழாது.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். எண்டர்பிரைஸ் படக்குறிப்பை அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தி வெளியிட வேண்டும். மேல்தட்டின் பழைய வண்ணம் காக்கப்பட்டிருக்கிறது என்ற ஒரு வரி போதும். அடுத்து, இந்தக் கைவேலையைப் பற்றி மீண்டும் எழுதும்போது முடிந்த மாதிரியின் படத்தோடு, அது பாதி வேலையில் இருக்கும் படத்தையும் சேர்த்து வெளியிட்டால் நன்றாக இருக்கும். பட்டி பூசி, பென்சில் குறிகளும் தேய்த்த தடங்களுமாக நிற்கும் உடலைப் பார்த்தால்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது நாமும் தொடங்கக்கூடிய வேலை என்ற எண்ணம் வரும். அப்படியொரு படம் தேவைப்பட்டால் மணிமேகலை இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது. வலப்புறத்துச் சன்னல்கள் முடிந்துவிட்டன. இடப்புறத்தில் இன்னும் 46 துளைகள் இட வேண்டும். என் கலத்துக்கு இரண்டு பக்கமும் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பேட்டர்ன் தொழிலாளி,
கோயம்புத்தூர்.